பேசுபவர் யார்?



கடலோர ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் என் முன்னே இருக்கிறது. அவருடைய மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். உடன் வேலை செய்வோரில் பலர் தமக்குள் ஸ்பானிய மொழியில் பேசிக்கொள்பவர்கள். விடுமுறையில் வீடு வந்த மகன், அம்மொழிப் பாடநூல் ஒன்றை வாங்கிவந்து படிக்கத் தொடங்கி, முதல் பாடத்திலுள்ள வினைச்சொல் அட்டவணையிலேயே தடுமாறி நிற்கிறாராம். “மதரஸாவில் இரண்டு ஆண்டுகள் ஓதிய பிள்ளை. அவனுக்கு விளங்கும்படி ஹஜ்ரத் அவர்கள் எழுதித் தருவார்களா?” என்று அச்சகோதரி கேட்டிருக்கிறார். கடிதத்தின் இறுதியில் மற்றொரு கேள்வியும் உள்ளது. “அந்தலூஸிலிருந்து நம் மக்களை விரட்டியவர்களின் மொழியை நம் பிள்ளை ஏன் படிக்க வேண்டும் என்று என் வாப்பா கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?”

முதல் கேள்வி இலக்கணம் பற்றியது. இரண்டாவது வரலாறு பற்றியது. இரண்டிற்கும் ஒரே வினைச்சொல்லைக் கொண்டு விடை கூற இயலும் என்று எண்ணுகிறேன். அவ்வினைச்சொல் ‘ஆப்லார்’. பேசுதல் என்பது அதன் பொருள்.

மூவர்

மதரஸாவில் ஸர்ஃப் பாடம் ஓதியவர்களுக்கு மூன்று சொற்கள் நினைவிருக்கும்: முதகல்லிம், முகாதப், காயிப். தமிழ் இலக்கணம் இவற்றைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்கிறது. அரபி இலக்கணம் சூட்டியுள்ள பெயர்களின் நேர்ப்பொருள் கவனிக்கத்தக்கது. முதகல்லிம் என்றால் பேசுபவர். முகாதப் என்றால் பேசப்படுபவராக எதிரே இருப்பவர். காயிப் என்றால் அங்கு இல்லாதவர். உலகின் பல மொழிகளிலும் வினைச்சொல் இம்மூவரைச் சுற்றியே இயங்குகிறது. ஸ்பானிய மொழியும் இதற்கு விலக்கன்று.

இனி அம்மொழியின் எழுவாய்ப் பெயர்களைக் காண்போம்.

யோ – நான்
தூ – நீ
உஸ்தேத் – தாங்கள் (ஒருவரை மரியாதையுடன் அழைப்பது)
ஏல் – அவன், அவர் (ஆண்)
ஏயா – அவள், அவர் (பெண்)
நோஸோத்ரோஸ் – நாம், நாங்கள்
வோஸோத்ரோஸ் – நீங்கள் (உரிமையுடன் பலரை அழைப்பது)
உஸ்தேதெஸ் – தாங்கள் (மரியாதையுடன் பலரை அழைப்பது)
ஏயோஸ் – அவர்கள் (ஆண்கள்)
ஏயாஸ் – அவர்கள் (பெண்கள்)

இவற்றில் வரும் தகரத்தை நம் தமிழ்த் தகரம் போலவே பல்லில் நாவைத்து ஒலிக்கலாம். ‘வோஸோத்ரோஸ்’ என்பதில் எழுத்து வகரமாயினும் ஒலி அரபியின் ‘பா’வை ஒத்தது.

இப்பட்டியலைத் தமிழோடும் அரபியோடும் ஒப்பிட்டால் சில நுட்பங்கள் புலப்படும். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள் என்று தமிழ் வேறுபடுத்துகிறது. ஸ்பானிய மொழி அவ்வாறு வேறுபடுத்துவதில்லை. அரபியின் ‘நஹ்னு’வும் அவ்வாறே. ஆனால் ‘அவர்கள்’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதை, அரபி ஆண்களுக்கு ‘ஹும்’, பெண்களுக்கு ‘ஹுன்ன’ என்று பிரிப்பது போல, ஸ்பானிய மொழியும் ஏயோஸ், ஏயாஸ் எனப் பிரிக்கிறது. பேசுவோர் அனைவரும் பெண்களாயின் நாம் என்பதற்குக்கூட ‘நோஸோத்ராஸ்’ என்றே கூற வேண்டும். ஆண் ஒருவர் சேர்ந்திருந்தாலும் நோஸோத்ரோஸ்.

ஒரு வினை, ஆறு வடிவங்கள்

ஸ்பானிய வினைச்சொற்களின் மூல வடிவம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவுகளில் ஒன்றைக் கொண்டிருக்கும். நாம் எடுத்துக்கொண்ட ‘ஆப்லார்’ முதல் வகை. எழுதும்போது இதன் முதலில் ஓர் ‘எச்’ இருக்கும், அது ஒலிப்பதில்லை. நடுவிலுள்ள பகரத்தை, ‘அப்துல்’ என்ற பெயரில் ஒலிப்பது போல, இன்னும் சற்று மென்மையாக ஒலிக்க வேண்டும். இறுதியிலுள்ள ‘ஆர்’ என்பதை நீக்கினால் ‘ஆப்ல்’ என்ற பகுதி எஞ்சும். அதனுடன் விகுதிகளைச் சேர்த்தால் நிகழ்கால வடிவங்கள் கிடைக்கும்.

யோ ஆப்லோ – நான் பேசுகிறேன்
தூ ஆப்லாஸ் – நீ பேசுகிறாய்
ஏல், ஏயா, உஸ்தேத் ஆப்லா – அவன், அவள் பேசுகிறாள்; தாங்கள் பேசுகிறீர்கள்
நோஸோத்ரோஸ் ஆப்லாமோஸ் – நாம் பேசுகிறோம்
வோஸோத்ரோஸ் ஆப்லாயிஸ் – நீங்கள் பேசுகிறீர்கள்
ஏயோஸ், ஏயாஸ், உஸ்தேதெஸ் ஆப்லான் – அவர்கள் பேசுகிறார்கள். தாங்கள் அனைவரும் பேசுகிறீர்கள்

அரபியின் இறந்தகால வினைக்குப் பதினான்கு வடிவங்களை மனனம் செய்த பிள்ளைக்கு இவ்வாறு வடிவங்கள் பெருஞ்சுமையாகா. விகுதிகளை மட்டும் தனியே ஓதிப் பார்க்கலாம்: ஓ, ஆஸ், ஆ, ஆமோஸ், ஆயிஸ், ஆன். ‘ஸ்’ என்று முடிந்தால் நீ. ‘மோஸ்’ என்று முடிந்தால் நாம். ‘ன்’ என்று முடிந்தால் பலர். இவ்வடையாளங்கள் அடுத்த வகை வினைகளிலும் மாறுவதில்லை. உண்ணுதல் என்னும் பொருளுடைய ‘கோமேர்’ என்ற வினை கோமோ, கோமெஸ், கோமெ, கோமேமோஸ், கோமேயிஸ், கோமென் என்றாகும். உயிரெழுத்து மாறிற்று, அடையாளம் மாறவில்லை.

மறைந்திருக்கும் எழுவாய்

இங்குதான் பாடநூலைக் கொண்டு தனியே படிப்பவர்கள் தவறுகிறார்கள். அட்டவணையில் ‘யோ ஆப்லோ’ என்று அச்சிட்டிருப்பதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ’ என்றே தொடங்குவார்கள். ஆங்கிலத்தின் வழியாகப் படித்தால் இப்பழக்கம் உறுதிப்பட்டுவிடும். ஏனெனில் ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டால் பேசுபவர் யார் என்றே தெரியாது.

நம் தமிழ் அத்தகையதன்று. ‘நாளை வருகிறேன்’ என்றால் போதும். வருபவர் யார் என்பதை ‘ஏன்’ விகுதியே கூறிவிடுகிறது. இதனைத் தோன்றா எழுவாய் என்பர். அரபியிலும் ‘கதப்து’ என்ற ஒரு சொல் ‘நான் எழுதினேன்’ என்னும் முழு வாக்கியமாகிவிடுகிறது. ‘அக்துபு’, எழுதுகிறேன், என்பதிலோ எழுவாய் வினைக்குள் மறைந்தே நிற்கிறது. அதனை ளமீர் முஸ்ததிர், மறைந்திருக்கும் பெயர், என்று நஹ்வு கற்பிக்கிறது. ஸ்பானிய மொழியும் இவ்வழியில் செல்வதே. ‘ஆப்லோ தமில்’ என்றாலே ‘நான் தமிழ் பேசுகிறேன்’ என்று பொருள். அதற்கு முன் ‘நோ’ என்று சேர்த்து ‘நோ ஆப்லோ எஸ்பான்யோல்’ என்றால் ‘நான் ஸ்பானிய மொழி பேசுவதில்லை’.

அவ்வாறாயின் ‘யோ’ எதற்கு? வேறுபடுத்திக் காட்டவும் அழுத்திக் கூறவும் அது வேண்டும். ‘யோ ஆப்லோ தமில், ஏயா ஆப்லா ஆரபெ’ என்பது ‘நான் தமிழ் பேசுகிறேன், அவளோ அரபி பேசுகிறாள்’ என்றாகும். தேவையற்ற இடங்களில் ‘யோ, யோ’ என்று சொல்பவர், ‘நான் வந்தேன், நான் உண்டேன், நான் உறங்கினேன்’ என்று நம்மிடையே பேசுபவரைப் போலத் தோன்றுவார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘ஆப்லா’ என்ற வடிவம் அவன், அவள், தாங்கள் ஆகிய மூவருக்கும் பொதுவானது. பேசுகிறான், பேசுகிறாள் என்று தமிழ் வினை காட்டும் வேறுபாட்டை இது காட்டாது. ஆகவே யாரைக் குறிக்கிறோம் என்பது முன்பின் வாக்கியங்களால் விளங்காதபோது எழுவாயை வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும்.

தூவும் உஸ்தேதும்

‘தூ’ என்பது நண்பர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கு. ‘உஸ்தேத்’ என்பது பெரியோர், அதிகாரிகள், அறிமுகமற்றோர் ஆகியோருக்கு. நாட்டுக்கு நாடு இவ்வழக்கு மாறும். ஸ்பெயினில் வழங்கும் வோஸோத்ரோஸ் என்பதை அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பேச்சில் கைவிட்டு, பலரை அழைக்க உஸ்தேதெஸ் என்பதையே கொண்டுள்ளன. அர்ஜென்டினாவில் ‘தூ’ என்பதற்குப் பதிலாக ‘வோஸ்’ வழங்குகிறது. கப்பலில் கேப்டனிடம் ‘தூ’ என்று பேசிவிடக் கூடாதே என்று அஞ்சும் தம்பிக்கு என் அறிவுரை: ஐயம் வரும்போது உஸ்தேத் என்றே அழையுங்கள். மரியாதை மிகுந்ததால் மனம் புண்பட்டவர் அரிது.

‘தூ’ எப்போதும் அவமரியாதை என்றும் கொள்ளற்க. நாம் துஆவில் ‘யா அல்லாஹ், நீ’ என்று ஒருமையில் இறைஞ்சுவது போல, ஸ்பானிய மொழியில் பிரார்த்திப்போரும் இறைவனை ‘தூ’ என்றே அழைக்கின்றனர்.

உஸ்தேதுக்கு வரும் வினை முன்னிலை வினையன்று. ‘ஆப்லா’ என்னும் படர்க்கை வினை. எதிரே நிற்பவரை எதற்காகக் காயிபாகப் பேச வேண்டும்? விடை அச்சகோதரியின் கடிதத்திலேயே உள்ளது. ‘ஹஜ்ரத் அவர்கள் எழுதித் தருவார்களா?’ என்று அவர் என்னிடமே கேட்டிருக்கிறாரே! முகத்திற்கு நேரே ‘நீ’ என்று சுட்டத் தயங்கும் அதே அதபு தான் அங்கும் செயற்பட்டிருக்கிறது.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில், “ஸ்பானியரின் உஸ்தேத் நம் உஸ்தாத் என்பதிலிருந்து பிறந்தது, அந்தலூஸின் ஆலிம்களை அவர்கள் அழைத்த அழைப்பு அது” என்று பெருமையுடன் கூறினேன். மாணவர்கள் மாஷா அல்லாஹ் என்றனர். பின்னர் ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதியைக் காண நேர்ந்தது. ‘வுவெஸ்த்ரா மெர்ஸேத்’, அதாவது ‘தங்கள் மேன்மை’, என்ற தொடர் மக்கள் நாவில் தேய்ந்து ‘வுஸ்தேத்’ ஆகி, பின் உஸ்தேத் ஆயிற்று என்று அங்கு கண்டேன். ‘தங்கள் மேன்மை பேசுகிறது’ என்பதாலேயே வினை படர்க்கையில் நிற்கிறது. ஒலி ஒத்திருந்ததைக் கண்டேன், உண்மையைத் தேடவில்லை. அடுத்த வகுப்பிலேயே திருத்திக் கூறினேன். நம் சமுதாயத்தின் பெருமைக்குப் பொய்யான சான்று தேவையில்லை. உண்மையான சான்றுகளே போதிய அளவு உள்ளன.

அதே அகராதி ‘ஓகலா’ என்ற சொல்லை அரபியிலிருந்து வந்தது என்று கூறுகிறது. இதில் வரும் ககரம், ஜீம், ஹா என்பவற்றுக்கு அடுத்த ‘கா’வை ஒத்து ஒலிக்கும். அந்தலூஸ் மக்கள் பேசிய அரபியில் ‘லவ் ஷாஅல்லாஹ்’, அல்லாஹ் நாடினால், என்பதே இன்று ‘அவ்வாறு நடக்கட்டுமே’ என்னும் பொருளில் ஸ்பானியர் அனைவரின் நாவிலும் வழங்குகிறது. ‘நீ நன்றாகப் பேச வேண்டுமே’ என்று விரும்பினால் ‘ஓகலா ஆப்லெஸ் பியென்’ என்பார்கள். விருப்பத்தைக் காட்ட ‘ஆப்லாஸ்’ இங்கு ‘ஆப்லெஸ்’ ஆயிற்று. சர்க்கரைக்கு ‘அஸூகார்’, எண்ணெய்க்கு ‘அஸேய்த்தெ’, வரையில் என்பதற்கு ‘ஆஸ்தா’, இன்னார் என்பதற்கு ‘ஃபுலானோ’ – இவை முறையே அஸ்ஸுக்கர், அஸ்ஸைத், ஹத்தா, ஃபுலான் ஆகியவற்றின் வழிவந்தவை.

பேச்சைத் தடுத்த சட்டம்

இனி அச்சகோதரியின் வாப்பா கேட்ட கேள்விக்கு வருவோம். அக்கேள்வியில் உள்ள வேதனை நியாயமானது. அதனை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

1492 ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டில் அந்தோனியோ தெ நெப்ரிகா என்ற அறிஞர் ஸ்பானிய மொழியாகிய காஸ்தில்ய மொழிக்கு இலக்கண நூல் எழுதி, அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார். மொழி ஆட்சியின் துணைவன் என்னும் கருத்தை அவர் அதன் முன்னுரையில் வெளியிட்டார். சரணடைந்த முஸ்லிம்களுக்கு மார்க்கச் சுதந்திரம் அளிப்பதாக வாக்களித்த உடன்படிக்கை பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. மதம் மாறு அல்லது வெளியேறு என்ற நிலை வந்தது. மாற்றப்பட்டவர்கள் ‘மொரிஸ்கோ’ எனப்பட்டனர். 1505இல் பெத்ரோ தெ அல்காலா என்ற துறவி, அவர்களிடம் சமயம் போதிக்கச் செல்வோருக்காக, கிரனாடாவின் பேச்சு அரபியைக் கற்பிக்கும் நூலை வெளியிட்டார். மக்களின் மொழியைக் கற்றாவது அவர்களை அணுக வேண்டும் என்று அப்போது எண்ணினர்.

1567இல் அந்நிலையும் மாறிற்று. இரண்டாம் பிலிப் மன்னரின் சட்டம், காஸ்தில்ய மொழியைக் கற்க மொரிஸ்கோக்களுக்கு மூன்று ஆண்டுகள் அவகாசம் அளித்து, அதன்பின் வீட்டிலும் வெளியிலும் அரபி பேசுவதையும் படிப்பதையும் எழுதுவதையும் தடை செய்தது. அவர்களுடைய உடைக்கும் பெயருக்கும் குளியலறைகளுக்கும்கூடத் தடை வந்தது. ‘ஆப்லோ’, பேசுகிறேன், என்ற சொல்லை அவர்கள் தம் தாய்மொழியில் சொல்லக் கூடாது என்பதே அதன் கருத்து.

அப்போது பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற கிரனாடாவின் முதியவர் அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதினார். கீழை நாடுகளின் கிறிஸ்தவர்களும் மால்டாவின் கிறிஸ்தவர்களும் அரபியில் பேசவில்லையா, மொழி எவ்வாறு மதத்திற்குப் பகையாகும், முதியவர்கள் இவ்வயதில் வேறு மொழியை எங்ஙனம் கற்பார்கள் என்பன அவருடைய வாதங்கள். அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1568 இறுதியில் அல்புகார்ரா மலைப்பகுதியில் கிளர்ச்சி மூண்டு 1571 வரை நீடித்தது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டனர். பேசுபவராக இருந்தவர்களைக் காயிபாக்கினார்கள்.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. தடைக்கு முன்பே அரகோன், காஸ்தில்யப் பகுதி முஸ்லிம்களுள் பலர் அரபியை மறந்து ஸ்பானிய மொழியையே பேசினர். மார்க்கத்தை அவர்கள் எவ்வாறு காத்தனர்? ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதினர்! தொழுகை முறைகள், நபிமார்களின் வரலாறுகள், திருக்குர்ஆனின் பொருள் ஆகியவற்றை அவ்வாறு எழுதிக் காத்தனர். அரபியில் இல்லாத ‘பி’ ஒலிக்கு ‘பா’வின்மேல் ஷத்து இட்டுக் குறித்தனர். ‘அல்அஜமிய்யா’ என்பதிலிருந்து பிறந்த ‘அல்கமியாதோ’ என்பது அவ்வெழுத்துமுறையின் பெயர். 1884இல் அல்மொனாஸித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, தளத்தின் அடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த இத்தகைய சுவடிகள் வெளிப்பட்டன. புதைத்துவிட்டுச் சென்றவர்கள் திரும்பி வரவில்லை.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பிற ஊர்களிலும் நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதிய கிதாபுகளை வீட்டில் வைத்திருப்போருக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. நம் பாட்டிமார்கள் அரபுத்தமிழில் மார்க்கம் ஓதியது போல, அங்குள்ள பாட்டிமார்கள் அரபு-ஸ்பானியத்தில் ஓதியிருக்கிறார்கள். நம்முடையவை பரணில் இருந்தன. அவர்களுடையவை தளத்தின் அடியில் ஒளிந்திருந்தன. வேறுபாடு அவ்வளவே, ஆயினும் அது பெரிய வேறுபாடு.

விரட்டப்பட்டு துனீஸில் குடியேறியவர்களும், தாம் அகதியாக வந்து சேர்ந்த மண்ணில் இருந்துகொண்டு, ஸ்பானிய மொழியிலேயே மார்க்க நூல்களை எழுதினர். அது அவர்களுக்குப் பகைவரின் மொழியாகத் தோன்றவில்லை. தம் தாய்மாரின் மொழியாகத் தோன்றியது.

ஆகவே பெரியவர் அவர்களிடம் அச்சகோதரி இவ்வாறு கூறலாம்: “வாப்பா, விரட்டியவர்களும் அம்மொழியைப் பேசினார்கள், விரட்டப்பட்டவர்களும் அம்மொழியைப் பேசினார்கள். உங்கள் பேரன் படிப்பது இருவருடைய மொழியையும்தான்.” மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் ‘அர்ரூம்’ அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் குறிப்பிடுகிறான். அத்தாட்சியைத் தடை செய்ததே அச்சட்டத்தின் குற்றம். வேறொரு மொழியை வெறுத்து நாம் அக்குற்றத்தின் பக்கம் சாய்ந்துவிடலாகாது.

தம்பிக்கு ஒரு பயிற்சி. கேட்டல் அல்லது செவிமடுத்தல் என்னும் பொருளுடைய ‘எஸ்குச்சார்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆர்’ நீக்கி, ஆறு விகுதிகளையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். எஸ்குச்சோ, எஸ்குச்சாஸ், எஸ்குச்சா, எஸ்குச்சாமோஸ், எஸ்குச்சாயிஸ், எஸ்குச்சான் என்று வந்தால் பாடம் விளங்கிற்று. கப்பலில் சென்றதும் முதலில் இவ்வினையைச் செய்து காட்டுங்கள். பேசும் வினை தானே பின்தொடரும்.

2003இல் கிரனாடாவில், அல்ஹம்ரா அரண்மனைக்கு எதிரேயுள்ள அல்பைஸின் குன்றில், புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. உங்கள் கப்பல் என்றேனும் ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் நின்று, விடுப்பும் கிடைத்தால், அங்கு சென்று இரண்டு ரக்அத் தொழுங்கள். அருகில் இருப்பவரிடம் ஸலாம் கூறிவிட்டு, “ஆப்லோ உன் போகோ தெ எஸ்பான்யோல்”, கொஞ்சம் ஸ்பானிய மொழி பேசுகிறேன், என்று சொல்லுங்கள். ‘யோ’ தேவையில்லை. பேசுபவர் யார் என்பதை வினையே சொல்லிவிடும்.

வஸ்ஸலாம்.